ஏழாம் நாளில் வராத கார்டு

அத்தியாயம் 9

ஆறு நாள் நடந்தாகிவிட்டது என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். மேட்ரனின் வலது குதிகாலைக் கேட்டால் அது ஆறு பக்கத்துக்குச் சொல்லும்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

எழுபத்தெட்டு வயதில் அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதிலிருந்து அறுபத்தாறு வயதுவரை, ஒன்பது வருடங்கள், வருடத்துக்கு ஒரு தடவை அம்மா வீட்டிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி மலையுச்சிச் சன்னிதிவரை நடந்தாள். பன்னிரண்டு நாள் நடை. தினமும் சாயங்காலம் எங்கே தங்கினாளோ அங்கிருந்து வீட்டுக்கு ஒரு தபால் கார்டு போடுவாள். எங்கே படுத்தேன், எவ்வளவு தூரம் நடந்தேன், கால் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான் இருக்கும்.

அந்தக் கார்டுகளை எல்லாம் மகள் தேதிவாரியாக அடுக்கி, கோடு போட்ட ஒரு தாளில் தங்குமிடங்களைப் பட்டியல் எழுதினாள். அம்மா படுத்த இடத்தில் படுப்பது, அம்மா நடந்த வழியில் நடப்பது. மகள் என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து, மேட்ரனாக ஓய்வு பெற்றவள். ஓய்வு என்ற சொல் அவளுக்கு ஒட்டவில்லை. வீட்டில் இன்னும் அவளை மேட்ரன் என்றுதான் சொல்கிறார்கள்.

துணைக்குத் தம்பி. மெத்தையும் சோபாவும் செய்து விற்கிற கடைக்காரன். ஐம்பத்திரண்டு வயதாகியும் அக்காவிடம் திட்டு வாங்குவதில் கூச்சம் இல்லாதவன்.

ஒரே ஒரு இடத்தில்தான் பட்டியலில் ஓட்டை. வருடத்துக்குப் பன்னிரண்டு கார்டு வர வேண்டும், பதினொன்றுதான் வரும். ஏழாம் நாள் கார்டு வராது. முதல் வருடமும் வரவில்லை, ஒன்பதாம் வருடமும் வரவில்லை.

அப்பா வாசலில் நின்று போஸ்ட்மேனைப் பிடித்துக்கொள்வார். "ஆறு வருது, எட்டு வருது. ஏழு மட்டும் உன் பையில இருக்கிற ஓட்டை வழியா இறங்கிப் போயிடுதா?" தெருவே கேட்கும். போஸ்ட்மேன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். அந்த ஏழாம் ஊர்த் தபாலாபீஸ் மோசம் என்பது வீட்டில் உதாரணமாகச் சொல்கிற விஷயமாகவே ஆகிவிட்டது என்று தம்பி இப்போதும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த ஓட்டையில்தான் தம்பி புகுந்தான். கிளம்புகிற அன்று, "ஆறு ராத்திரி நீ சொல்ற தரையில நான் படுக்கறேன். ஏழாவது ராத்திரி நான் சொல்ற கட்டில்ல நீ படுக்கணும். சம்மதமா?" என்றான்.

"கார்டே இல்லாத நாள்தானே, எங்கே படுத்தா என்ன?" என்று மேட்ரன் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்தக் கையெழுத்து இன்றைக்கு வந்து நின்றது.

பகல் மூன்று பத்துக்கு இருவரும் ஊருக்குள் நுழைந்தார்கள். நீளமாக ஒரே தெரு. இடது பக்கம் தகரக் கூரை போட்ட யாத்ரீகர் கூடம். கதவே கிடையாது, உள்ளே வரிசையாகப் பாய்கள். வலது பக்கம், ஒரு தேநீர்க்கடைக்கு நேர் எதிரே, பச்சைக் கதவு போட்ட மாடி விடுதி. மாடி வராந்தாவில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒரு ஜன்னலில் வெள்ளைத் திரை, இஸ்திரி போட்ட மாதிரி.

மேட்ரன் கால் இடது பக்கம் திரும்பியது.

"அம்மா இங்கதான்டா படுத்திருப்பாங்க. பாரு, ஆறாம் ஊர்க் கூடம் மாதிரியே இருக்கு."

"கார்டு இருக்கா?"

"இல்ல."

"கையெழுத்து இருக்கா?"

தம்பி தாளை எடுத்து விரித்தே காட்டிவிட்டான்.

"மேட்ரன் அம்மா, ஆறு நாளா என் முதுகுத்தண்டு என்கிட்ட பேசறதே இல்ல. மூணாம் நாள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சியில படுத்தேனே, அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டது. மெத்தை விக்கிறவன் பெஞ்சியில படுக்கறதை ஒருத்தன் பார்த்தா என் கடைக்கு எவன் வருவான்?"

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. குதிகால் காலையிலிருந்தே ஈரமாக இருந்தது. அது வியர்வை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தம்பியிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விடுதியின் முன் அறையில் ஒரு மேசை, ஒரு மணி, சுவரில் சாவிகள் தொங்கும் பலகை. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க விடுதிக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் ஆட்களைப் பார்க்கவில்லை. மேட்ரன் கையில் இருந்த தடியைப் பார்த்தாள்.

அது அம்மாவின் தடி. அம்மா முதல் தடவை நடக்கக் கிளம்பின வருடம், கை வழுக்கக் கூடாது என்று தம்பி அதன் பிடிக்குச் சிவப்பு ரெக்சின் சுற்றிக் கொடுத்திருந்தான். சோபாவுக்கு அடிக்கிற பித்தளை ஆணி ஏழு. அதில் ஒன்று கோணல். அன்றைக்கு அவன் கடை திறந்து மூன்றே மாதம், கை பழகவில்லை.

விடுதிக்காரம்மா கேட்கவே இல்லை. தடியை உரிமையோடு வாங்கினாள். கட்டைவிரலால் அந்தக் கோணல் ஆணியை ஒரு தடவை தடவினாள். கதவுக்குப் பின்னால் தனியாக அடித்திருந்த ஒரு கொக்கியில் தடியை மாட்டினாள். தடியின் கயிறு அந்தக் கொக்கிக்கென்றே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"எத்தனை வருஷம் ஆச்சு! வெந்நீரம்மா வரலையா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும்மா அது?" என்றான் தம்பி.

"இந்தத் தடிக்காரங்க. நாங்க வச்ச பேரு. வந்ததும் தொட்டி நிறைய வெந்நீர் கேப்பாங்க. ஆறினதும் மறுபடி கேப்பாங்க. சாயங்காலம் இன்னொரு தடவை. எங்க பாய்லர் ஒரு வருஷம் அவங்களாலயே போச்சு." சிரித்தாள். பிறகு இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "எப்போ?"

"பத்து மாசம் ஆச்சு" என்றான் தம்பி.

விடுதிக்காரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேட்ரன்தான் பேசினாள். வார்டில் தப்பு மருந்தைக் கொண்டுவந்த நர்சிடம் பேசுகிற குரல். "நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டிருக்கீங்கம்மா. எங்கம்மா தரையிலதான் படுப்பாங்க. வழி பூரா."

"மத்த ஊர்ல எப்படியோ எனக்குத் தெரியாதும்மா. இங்க மேல் மாடி, ரெண்டாம் நம்பர். ஒரு ராத்திரி. வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு ஒண்ணு சொல்லுவாங்க. 'இன்னைக்கு யார் வந்து கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லிடுங்க.' இத்தனை வருஷத்துல யாரும் வந்து கேக்கலை. ஆனா வருஷா வருஷம் மறக்காம சொல்லுவாங்க."

சாவிப் பலகையிலிருந்து இரண்டாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள்.

அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு முக்காலி. தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி, இரும்புக் கால் வைத்த வெள்ளைக் குளியல் தொட்டி. படுத்தால் தெருவும் தெரியும், தூரத்தில் மலையும் தெரியும்.

தம்பி பையைக்கூட இறக்கவில்லை. இரண்டு கட்டைவிரல்களாலும் மெத்தையை அழுத்திப் பார்த்தான். ஓரத்தைத் தூக்கித் தையலைப் பார்த்தான். காதை வைத்துத் தட்டிப் பார்த்தான்.

"ஸ்பிரிங்கு, அதுக்கு மேல பஞ்சு, அதுக்கு மேல ஃபோம். கைத்தையல். இதைச் செஞ்சவன் தூங்கத் தெரிஞ்சவன்க்கா." சொல்லிவிட்டுத் தடாலென்று விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே, "அம்மா கில்லாடிக்கா" என்றான்.

மேட்ரன் நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காரேன்."

"நான் கீழ படுத்துக்கறேன். போர்வையைக் குடு."

"கையெழுத்து?"

"உன் கையெழுத்தைத் தூக்கிக் குப்பையில போடு! அந்தம்மா என்னவோ சொல்றாங்க, நீயும் கில்லாடிங்கறே. அம்மா நம்மகிட்ட பொய் சொல்லிட்டுப் போனாங்கன்னு சொல்றியா?"

"பொய் எங்க சொன்னாங்க? கார்டே போடலையே."

அந்தப் பதில் அவளை எங்கேயோ தொட்டிருக்க வேண்டும். சட்டென்று திரும்பினாள். திரும்பின வேகத்தில் குதிகால் முக்காலியில் இடித்தது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முகம் மட்டும் வெளுத்தது.

தம்பி எழுந்தான். கேட்காமல் குனிந்து அவள் காலுறையைக் கழற்றினான். காலுறை பாதியில் ஒட்டிக்கொண்டது. கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, ஒரு முட்டை அளவுக்குச் சிவப்பு. ஓரம் வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா?"

"நாலாம் நாள்லேர்ந்து."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மேட்ரனா பதில் சொல்லு. இந்தக் காலோட ஒரு பேஷண்டு உன் வார்டுக்கு வந்து, நாளைக்கு இருபத்தாறு கிலோமீட்டர் நடக்கப் போறேன்னா என்ன சொல்லுவே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "கட்டிலை விட்டு இறங்கினா காலை உடைச்சிடுவேன்னு சொல்லுவேன்."

"சரி. சொன்னதா வச்சுக்கோ."

"முடியாதுடா. நாளைக்கு ரெண்டு நாள் தூரத்தை ஒரே நாள்ல முடிக்கணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். எட்டாம் நாள் அம்மா ஒன்பது கிலோமீட்டர்தான் நடந்தாங்க. பாவம், அன்னைக்கு மட்டும் தளர்ந்து போயிருக்காங்க. ஒன்பது வருஷமும் எட்டாம் கார்டுல அதேதான். 'இன்று கொஞ்ச தூரம்தான்.' அந்தக் குறையை நான் நடந்து தீர்க்கணும்."

"தீர்த்துட்டு? கடைசி நாள் மலைப்படி ஏறணும். இந்தக் காலோட ஏறுவியா, இல்ல படியில உன்னை மூட்டையா கட்டி நான் தூக்கணுமா? அம்மாவுக்காகப் போய்ச் சேரணும்னு வந்தே. போய்ச் சேராமலே நிக்கப் போறே."

மேட்ரனுக்கு அது தெரியும். தம்பியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாளில் சீழ் வைக்கும், மூன்றாம் நாள் காய்ச்சல் வரும், பத்தாம் ஊரிலிருந்து பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். ஆனாலும் காலை இறக்கித் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

அவளுக்கு அம்மா என்றால் நிற்கிற அம்மாதான். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். "உட்கார்ந்தா உடம்பு சோம்பிடும்" என்பாள். அந்த வீட்டில் மூன்று நாற்காலிகள். அம்மாவுக்கென்று நான்காவது வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. மேட்ரன் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். பதவிக்கு வந்த முதல் வாரம், வார்டு மூலையில் நர்சுகள் கால் ஆற உட்காருகிற முக்காலியை ஸ்டோருக்கு அனுப்பினவள் அவள். அன்றைக்கு ஒரு சின்ன நர்ஸ் பார்த்த பார்வை இருபது வருடத்துக்கு அப்புறம், இந்த அறை முக்காலியில் கால் இடித்தபோது ஞாபகத்துக்கு வந்தது.

கதவு தட்டப்பட்டது. விடுதிக்காரம்மா ஒரு கையில் வெந்நீர் வாளி, இன்னொரு கக்கத்தில் தடித்த நோட்டு.

"சண்டை கீழ வரைக்கும் கேட்டுது" என்றாள் சாதாரணமாக. "நான் சொன்னா நம்ப வேணாம். கையெழுத்தைப் பாருங்க."

தங்குகிறவர்கள் எழுதுகிற பதிவு நோட்டு. வந்த நாள், எத்தனை நபர், கடைசிக் கட்டத்தில் விருந்தினர் எழுத விரும்பும் நாலு வார்த்தை. பழைய வருடங்களைக் காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்து கொண்டுவந்திருந்தாள்.

மேட்ரன் கண்ணாடியை மாட்டினாள்.

அம்மாவின் எழுத்து. வலது பக்கம் சாய்ந்து, வரியின் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறுகிற எழுத்து. ரேஷன் சீட்டில், பள்ளிக்கூட விண்ணப்பத்தில், கார்டுகளில், மளிகைச் சீட்டில் பார்த்த அதே எழுத்து.

முதல் வருடம்: "ஒருவர். காலை பத்து மணிக்கு எழுந்தேன். யாரும் எழுப்பவில்லை."

இரண்டாம் வருடம்: "ஒருவர். வெந்நீர் மூன்று முறை. மன்னிக்கவும்."

ஐந்தாம் வருடம்: "ஒருவர். உட்கார்ந்தே இருந்தேன்."

ஏழாம் வருடம்: "ஒருவர். இன்று யாருக்கும் எழுத வேண்டாம் என்று இருக்கிறது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்."

மேட்ரன் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தாள். பத்து மணிக்கு எழுந்தவள் குளித்து, சாப்பிட்டு, வெயில் தாழக் கிளம்பினால் ஒன்பது கிலோமீட்டர்தான் நடக்க முடியும்.

எட்டாம் நாள் அம்மா தளரவே இல்லை. நன்றாகத் தூங்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

"அம்மாவோட குறையைத் தீர்க்கப் போறேன்னியே" என்றான் தம்பி மெதுவாக. கிண்டல் இல்லாமல்தான் சொன்னான்.

"பேசாம இருடா."

கடைசித் துண்டுக் காகிதத்தைத் திருப்பினாள். ஒன்பதாம் வருடம். விரல் நின்றுவிட்டது.

"இருவர். அடுத்த கட்டிலில் குறட்டை. இருந்தாலும் நல்ல தூக்கம்."

தம்பி எட்டிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான்.

"யாரு இது?" மேட்ரன் குரல் இறங்கிப்போயிருந்தது. "யாரும்மா கூட வந்தது?"

விடுதிக்காரம்மா தலையை ஆட்டினாள். "அந்த வருஷம் நான் ஊர்ல இல்லம்மா. மகளுக்குப் பிரசவம்னு போயிருந்தேன். வீட்டுக்காரர்தான் மேசையில இருந்தார். அவரும் இப்போ இல்ல." வாளியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, "இன்னும் நாலு வாளி வரும். காலை மட்டும் வெளிய வச்சுக்கோங்க, புண்ணு நனையக் கூடாது. எனக்கே தெரியும், மேட்ரனுக்குத் தெரியாதா?" என்று போனாள்.

மேட்ரன் தொட்டியில் இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு காலைத் தொட்டி விளிம்பில் போட்டுக்கொண்டு கழுத்துவரை வெந்நீரில் கிடந்தாள். அம்மாவின் தலை பட்ட இடத்தில்தான் தன் தலையும் பட்டிருக்கும் என்று நினைத்தாள். வருடத்துக்கு ஒரு நாள் அம்மாவுக்கு வீட்டில் யாரும் வேண்டாம் என்று இருந்திருக்கிறது. முதலில் அது வலித்தது. தண்ணீர் ஆற ஆற, மிச்ச முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் ஞாபகம் வந்தது. காய்ச்சல் வந்த இரவுகளில் நெற்றியில் இருந்த கை, பரீட்சை நாளில் வாசல்வரை வந்த கால், நின்றுகொண்டே சாப்பிட்ட வாய். ஒரு நாள் என்ன, ஒரு மாதமே எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது. இன்னொரு வாளி கேட்டாள்.

ஆனால் அந்த "இருவர்" மட்டும் முள்ளாக நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்திருந்தான். கடையை விட்டு எங்கே போனாலும் அது கூடவே வரும். தலையணையாக மடித்துக் கொண்டுவந்திருந்த ஃபோம் துண்டில் வட்டமாக ஒரு வளையம் வெட்டினான். புண்ணைத் தொடாமல் சுற்றிலும் தாங்குகிற மாதிரி. அவள் வெளியே வந்ததும் மருந்து போட்டு, துணி சுற்றி, வளையத்தை வைத்துக் கட்டினாள். கட்டுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சொந்தக் காலுக்குப் போடுவது இதுதான் முதல் தடவை.

சரியாக ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. அப்பா. எண்பத்தொரு வயது. மருமகளின் ஃபோனை வாங்கி, தினமும் ஆறு அடித்ததும் கூப்பிடுவார். தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"வந்து சேர்ந்தாச்சா?"

"வந்தாச்சுப்பா. ஏழாம் ஊர்."

"எங்க தங்கியிருக்கீங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தான். மேட்ரன் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. "ஒரு விடுதிப்பா. பரவாயில்லாம இருக்கு."

"கால் எப்படிம்மா?"

"லேசா கொப்புளம்ப்பா."

"லேசான்னு நீ சொன்னா பலமா இருக்கும். வெந்நீர்ல உடம்பை விட்டுக்கோ. ஜன்னல் பக்கம்தானே தொட்டி, காலைத் தூக்கி விளிம்புல வச்சுக்கோ. மலை தெரியும்."

கீழே தேநீர்க்கடையில் யாரோ தம்ளரைக் கழுவுகிற ஓசை மட்டும் வந்தது.

"அப்பா" என்றாள் மேட்ரன். "தொட்டி இருக்குன்னு நான் சொல்லலையே."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற ஓசை.

"உளறிட்டேனா?"

"அடுத்த கட்டில்ல குறட்டை விட்டது நீங்களா?"

"எழுதி வச்சிருக்காளா அதை? பாதகத்தி!" அப்பா சிரித்தார். "ஆபீஸ்ல ரெண்டு நாள் பயிற்சின்னு ஒருதரம் போனேனே, ஞாபகம் இருக்கா? ரிட்டையர் ஆனவனைக் கூப்பிட்டு என்ன பயிற்சின்னு நீங்க ரெண்டு பேருமே கேக்கலை. கேட்டிருந்தா மாட்டியிருப்பேன்."

"அப்போ அம்மா அங்க தங்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலாம் வருஷமே சந்தேகம் வந்தது. கார்டு வரலைன்னு தபாலாபீஸ்ல புகார் எழுதிக் குடுத்தேன். அந்த ஊர்லேர்ந்து நம்ம விலாசத்துக்கு எதுவும் போடவே இல்லைன்னு பதில் வந்தது. எனக்குப் பயமாப் போச்சு. அஞ்சாம் வருஷம், அவ ஏழாம் ஊருக்கு வர்ற அன்னைக்கு நானே பஸ் ஏறி வந்துட்டேன். எதிர்ல ஒரு தேநீர்க்கடை இருக்குமே..."

மேட்ரன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இருந்தது.

"அங்க உட்கார்ந்து கூடத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். நிமிர்ந்தா மாடியில அவ. தலைமுடியைக் காயப் போட்டுக்கிட்டு, ஒரு நாற்காலியில உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில காலைத் தூக்கி வச்சுக்கிட்டு, சும்மா இருக்கா. ஒரு வேலையும் செய்யலை. அவ அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லம்மா. கல்யாணம் ஆகி நாற்பது வருஷத்துக்கு மேல, ஒரு நாள்கூட இல்ல. நான் பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தா எழுந்துடுவா. அதனால தேநீரைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."

"அப்புறமும் போஸ்ட்மேனைத் திட்டினீங்களேப்பா!" என்றான் தம்பி.

"திட்டாம விட்டா, திரும்பி வந்து தெருவுல கேள்விப்படறவளுக்குச் சந்தேகம் வந்துடாதா? போஸ்ட்மேன்கிட்ட விஷயத்தைச் சொல்லி வச்சுட்டேன். வருஷத்துக்கு ஒருநாள் வாசல்ல திட்டுவேன், வாங்கிக்கப்பான்னு. நல்ல மனுஷன். தலையை இன்னும் கொஞ்சம் குனிஞ்சு நிப்பான்."

மேட்ரன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததை அவள் கவனிக்கவில்லை, தம்பி கவனித்தான்.

"கடைசி வருஷம் அவளே கேட்டா. 'நீங்களும் வர்றீங்களா, ஒரே ஒரு ராத்திரி'ன்னு. நான் பார்த்தது அவளுக்குத் தெரியுமோ என்னவோ, கேட்டுக்கலை. அங்க, அந்த வராந்தாவுல உட்கார்ந்திருக்கும்போது, என்கிட்ட ஒண்ணு சொல்லி, செய்வீங்களான்னு கேட்டா. பார்க்கலாம்னேன். பார்க்கவே இல்ல." ஃபோனைக் கை மாற்றிக்கொள்கிற ஓசை. "அது ஃபோன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. நீங்க மேல போய்ச் சேருங்க. சேர்ந்தப்புறம் சொல்றேன். அதுக்காகவாவது காலைப் பார்த்துக்கோ."

ஃபோன் வைக்கப்பட்டது.

மேட்ரன் பையிலிருந்து அந்தக் கோடு போட்ட தாளை எடுத்தாள். நாளைய வரியில் "இருபத்தாறு கி.மீ., காலை ஐந்து மணி" என்று இருந்தது. பேனாவால் ஒரு கோடு, அடிக்கோல் வைத்த மாதிரி நேராக. பக்கத்தில் எழுதினாள்: "ஒன்பது கி.மீ. எழும்போது கிளம்புவது."

வராந்தாவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு சாய்வு நாற்காலிகளையும் தம்பி எதிரெதிரே இழுத்துப் போட்டான். அவள் ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றதில் கட்டுப் போட்ட காலை ஏற்றி வைத்தாள். நான் எங்கே உட்காருவதாம் என்று முனகிக்கொண்டே அவன் அறையிலிருந்து முக்காலியைத் தூக்கி வந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு ஞாபகம் வந்தது. பையைத் துழாவி, இவர்களும் ஆறு நாளாக அப்பாவுக்குப் போட்டுவருகிற கார்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, பேனாவோடு நீட்டினான்.

"தபால் எடுக்க இன்னும் அரை மணி இருக்குக்கா. எழுதிக் குடு, போட்டுட்டு வந்துடறேன்."

மேட்ரன் கார்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பி அவன் கையிலேயே வைத்தாள்.

"இன்னைக்கு வேணாம்டா. நாளைக்கு எழுதிக்கலாம்."

"வீட்டுக்குக் கார்டு போகாதேக்கா! அப்பா காத்துக்கிட்டிருப்பாரே."

"இருக்கட்டும்." நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து கண்ணை மூடினாள். "இப்போ நம்ம தெருவுக்கு வர்ற புது போஸ்ட்மேனுக்கும் ஒருநாள் திட்டு விழட்டும்."